அப்பாவின் மூன்று கிளினிக் கொப்பிகள்

அப்பாவிடம் மூன்று கிளினிக் கொப்பிகள் இருக்கின்றன. பழுப்புத் தாளால் உறை போட்டு, மேலே அம்மாவின் கையெழுத்தில் "சீனி", "கண்", "காது" என்று எழுதப்பட்டவை. மூன்றும் ஒரே பொலித்தீன் பைக்குள்தான் கிடக்கும். ஆனால் போகிற கிளினிக்குக்கு உரியதை மட்டுமே அவர் வெளியே எடுப்பார். சென்ற வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுத்தடுத்த திகதிகளை ஒரே தாளில் எழுதி வைப்போம் என்று மூன்றையும் பாயில் விரித்தபோதுதான், ஒரு கொப்பியில் இருப்பது மற்றைய இரண்டுக்கும் தெரியாது என்பதைக் கண்டேன். விழித்திரையின் நுண்ணிய இரத்தக்குழாய்களில் சீனி வருத்தத்தின் அடையாளங்கள் தொடங்கிவிட்டன என்று கண் கொப்பியில் எழுதியிருந்தது. சீனிக் கொப்பியில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சிறுநீரகத்துக்கென்று ஒரு கொப்பியே இல்லை.

"வயது போனா இதெல்லாம் வாறதுதானே மனே" என்றார் அப்பா.

அவருக்கு 66 வயது. மண்டூர்ப் பக்கத்தில் நெல் ஆலையொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் இயந்திரம் ஓட்டியவர். சீனி வருத்தம் பதினான்கு வருடமாகவும் பிறசர் எட்டு வருடமாகவும் உண்டு. கண் மங்குவதையும் காது மந்தமாவதையும் அவர் வயதின் கணக்கில் எழுதிவிட்டார். சாதாரண தர மாணவர்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்து, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டியான சிறுநீரகத்தியின் படத்தை வருடந்தோறும் கரும்பலகையில் வரைகிற நானும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தேன் என்பதுதான் எனக்கு வெட்கம். நான் வைத்தியன் அல்லன். இது ஒரு வீட்டுக்குள் நாங்கள் விளங்கிக்கொண்டவற்றின் பதிவு மட்டுமே; மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் வைத்தியரோடு பேசிச் செய்ய வேண்டியவை.

முதலில் சிறுநீரகம். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 இலட்சம் சிறுநீரகத்திகள் இருக்கின்றன. ஒவ்வொரு சிறுநீரகத்தியின் தலைப்பிலும் கலன்கோளம் என்ற ஒரு நுண்குழாய் முடிச்சு உண்டு. இரத்தம் அங்கேதான் வடிபடுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் வடிந்து, அதில் ஒன்றிரண்டு லீற்றர் தவிர மிகுதி எல்லாம் மீண்டும் இரத்தத்துக்குள் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நெடுங்காலச் சீனியும் பிறசரும் அந்த வடியைப் பழுதாக்கும்போது, உள்ளே நிற்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் வெளியே ஒழுகத் தொடங்கும். ஒழுக்கு அதிகமானால் சலம் சவர்க்காரத் தண்ணீர் போல நுரைத்து, நுரை அடங்க நேரமெடுக்கும். ஆனால் ஆரம்ப ஒழுக்கைக் கண்ணால் காண முடியாது. அதற்கென்று சலத்தில் அல்புமின் அளவைப் பார்க்கும் தனிப் பரிசோதனை இருக்கிறது. நோவு ஏதும் இராது. இடுப்பு நோகிறது, ஆகவே சிறுநீரகம் பழுது என்று பயப்படுகிறவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். உண்மையில் பழுதாகும் சிறுநீரகம் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு இரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டும் கிரியட்டினின் பரிசோதனையையே எல்லோரும் நம்பியிருக்கிறோம். அது நல்ல பரிசோதனைதான், ஆனால் பிந்தி விழிப்பது. சிறுநீரக வேலைத்திறனில் பாதியளவு போன பிறகுதான் சிலருக்கு அந்த எண் வழமையான எல்லையைத் தாண்டும். அப்பாவுடைய பழைய துண்டில் டெசிலீற்றருக்கு 1.2 மில்லிகிராம் என்று இருந்தது. எல்லைக்குள் என்றபடியால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருடத்தின் பின் 1.5. பார்வைக்கு மூன்று தசமப் புள்ளி வித்தியாசம். வயதையும் சேர்த்து வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட்டால் நிமிடத்துக்கு 67 மில்லிலீற்றர் அளவில் இருந்தது 51 ஆக இறங்கியிருக்கிறது. அந்த வேகம் 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றாலோ, அல்லது வேகம் சரியாக இருந்தும் சலத்தில் அல்புமின் அந்த மூன்று மாதமும் விடாது ஒழுகினாலோ அது நாட்பட்ட சிறுநீரக நோய். பொதுவாக 15க்குக் கீழே போனால்தான் டயலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படும். 51 என்பது அதிலிருந்து வெகு தூரம். அந்தத் தூரத்தைக் காப்பாற்றுவதற்கு லோசாட்டன், எனலாப்ரில் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவை பிறசரைக் குறைப்பதோடு கலன்கோளத்துக்குள் இருக்கும் அழுத்தத்தையும் தணித்து, அல்புமின் ஒழுக்கைக் குறைக்கின்றன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் சிறுநீரக நோய் என்றால் உடனே பொலனறுவை, அநுராதபுரம் என்பார்கள். 1990களில் வட மத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் இன்னதென்று ஒரே முடிவுக்கு வர முடியாத அந்த நோயைச் சொல்வார்கள். அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டியிலும் அது உண்டு. அங்கே பாதிக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் வெயிலில் வேலை செய்யும் விவசாயிகள். அவர்களுக்கு வருவது சீனியாலோ பிறசராலோ அல்ல. ஆனால் அந்தப் பேச்சின் பக்கவிளைவாக, "எங்கட கிணத்துத் தண்ணி நல்லது, எங்களுக்கு அது வராது" என்று ஓர் ஆறுதல், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரை முழுவதும் பரவிவிட்டது. சீனி வருத்தத்தால் சிறுநீரகம் கெடுவதற்குக் கிணற்றின் அனுமதி தேவையில்லை.

கண் கொப்பியில் இருந்த அந்த வரிதான் எனக்குத் திறப்பாக அமைந்தது. உடலைக் கீறாமல் இரத்தக்குழாய்களை நேரே பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. 1851இல் ஜேர்மனியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதைப் பார்க்கும் கருவியை விவரித்து எழுதிய நாளிலிருந்து, கண் வைத்தியர்கள் கண்ணை மட்டும் பார்க்கிறவர்களாக இருந்ததில்லை. விழித்திரைக் குழாய்களில் சிறு வீக்கங்களும் கசிவுகளும் தெரிந்தால், கலன்கோளத்திலும் அதே பழுது நடக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கமாகவும் அது உதவும்: சிறுநீரகம் கெட்டிருந்தும் விழித்திரை சுத்தமாக இருந்தால், காரணம் சீனிதானா, வேறு ஏதாவதா என்று வைத்தியர்கள் யோசிப்பார்கள். விழித்திரைப் பழுதும் ஆரம்பத்தில் பார்வையை மறைப்பதில்லை. ஆகவேதான் இரண்டாம் வகைச் சீனி வருத்தம் கண்டுபிடிக்கப்பட்ட உடனேயே ஒருமுறையும், பிறகு வருடந்தோறும் கண்மணியை விரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

விரிக்கும் துளிமருந்து விட்ட அன்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு குருமண்வெளித் துறைக்கு வந்தேன். மத்தியான வெயில் வாவியில் பட்டுத் தகடு போல அடித்தது. வாவியைக் கடக்கும் பாதை என்கிற மிதவையில் ஏறியவர் கண்ணைத் திறக்க முடியாமல் துவாயைத் தலையோடு முகத்துக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு, மோட்டார்ச் சைக்கிள்களுக்கு நடுவே என் தோளைப் பிடித்தபடி நின்றார். அக்கரை சேர்ந்தாயிற்றா என்று இரண்டு தடவை கேட்டார். துளியின் வேலை சில மணித்தியாலம்தான்; ஆனால் அன்றைக்கு அவர் "கண்ணில்லாட்டி இப்பிடித்தானா" என்று மெல்லச் சொன்னதற்குப் பிறகு ஒரு கண் கிளினிக்கையும் தவறவிட்டதில்லை.

அவருக்குக் கண்புரையும் கொஞ்சம் உண்டு. அது விழித்திரையின் நோயல்ல, முன்னால் இருக்கும் வில்லை மங்குவது; மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைத்தால் தீரும். லண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாக அப்படி ஒன்றைக் கண்ணுக்குள் பொருத்தியது 1949இல். கண்ணழுத்த நோய் என்கிற குளுக்கோமா வேறு. ஓரப்பார்வையைச் சத்தமில்லாமல் தின்னும், போனதைத் திருப்ப முடியாது. கண் மங்கினால் எல்லாம் புரைதான், முற்றட்டும், வெட்டுவோம் என்று காத்திருப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

காதின் கதையில் சிரிப்பும் இருக்கிறது. அம்மா கத்தியைக் கேட்டால் அப்பா சட்டியைக் கொண்டுவந்து நீட்டுவார். உயிரோசைகள் அவருக்குச் சரியாகவே விழுகின்றன; க, ச, த, ட போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் உயர்ந்த அதிர்வெண்கள்தான் விழுவதில்லை. "சத்தம் கேக்குது, சொல்லுறது விளங்குதில்ல" என்று அவர் சொல்வதன் பொருள் அதுவே. ஆகவே இன்னும் பெரிதாகக் கத்துவதால் பயனில்லை. முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசினால் விளங்கும். செவிப் பரிசோதனை வரைபடத்தில் 4000 ஹேர்ட்ஸ் அளவில் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. இரைச்சலில் வேலை செய்தவர்களின் கோடு பெரும்பாலும் அப்படித்தான் விழும். 85 டெசிபெல் இரைச்சலில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பது ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். நெல் ஆலையில் இந்தக் கணக்கை யார் பார்த்தார்கள்? உட்காதின் நத்தைச்சுருளுக்குள் நாம் பிறக்கும்போது 15,000 அளவில் இருக்கும், ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே அப்பாவின் காதுக்கு முதற் குற்றவாளி ஆலைதான். எல்லாவற்றையும் சீனியின் தலையில் கட்டிவிடுவதும், எல்லாவற்றையும் வயதின் தலையில் கட்டிவிடுவதைப் போன்ற ஒரு சோம்பல்தான்.

இருந்தாலும் காதுக்கும் சிறுநீரகத்துக்கும் உறவு உண்டு. இரண்டும் உப்புக்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இடைவிடாமல் இறைத்துக்கொண்டிருக்கும் உறுப்புகள். சிறுநீரக நோயுள்ளவர்களிடம் செவிக்குறைவு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் அளவு மிஞ்சினால் இரண்டையுமே தாக்கும். பெரியப்பா இளவயதில் காசநோய்க்கு மாதக்கணக்காக ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுப் பிழைத்தவர்; உயிர் தப்பியது, ஆனால் அதன் பிறகு இருட்டில் வரம்பின்மேல் அவரால் நேராக நடக்க முடியவில்லை. உட்காதின் சமநிலை உறுப்பு போயிருந்தது. அந்த நாளில் அதுதான் மருந்து. குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்று உறுப்புகளையும் ஒரே மூச்சில் தாக்கும் பரம்பரை நோயும் உண்டு. ஆர்தர் செசில் அல்போர்ட் என்ற வைத்தியர் 1927இல், ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சலத்தில் இரத்தம் போவதையும் காது கேளாமற் போவதையும் சேர்த்து எழுதினார். இன்று அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. கலன்கோளத்தின் அடிமென்சவ்விலும், நத்தைச்சுருளிலும், கண்வில்லையின் உறையிலும் ஒரே வகைக் கொலாஜன் புரதம், அதாவது நான்காம் வகை, பின்னப்பட்டிருக்கிறது. அந்தப் பின்னலுக்குரிய மரபணுவில் பிழை இருந்தால் மூன்றும் தளரும். பெரும்பாலான குடும்பங்களில் அந்த மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தந்தையிடமிருந்து மகனுக்குப் போகாது. தாயிடமிருந்து வரும், ஆண்களிடமே கடுமையாக வெளிப்படும். மட்டக்களப்பாருக்கு இதை விளக்குவது மிக எளிது: எங்கள் குடி என்கிற குலப்பிரிவு எப்படித் தாய்வழி வருகிறதோ, ஏறக்குறைய அப்படி. ஒரு பையனுக்குச் சலத்தில் இரத்தம் காணப்பட்டு, பள்ளிக்கூட வயதிலேயே காதும் மந்தமாகி, அவனுடைய தாய்மாமனும் சிறுநீரகம் கெட்டு இளவயதில் போயிருந்தால், அந்த மூன்றையும் ஒரே வைத்தியரிடம் ஒரே நாளில் சொல்ல வேண்டும். முன்கூட்டியே மருந்து தொடங்கினால் சிறுநீரகம் செயலிழப்பதை வருடக்கணக்கில் தள்ளிப்போடலாம்.

எங்கள் வீட்டுப் பிழைகளையும் எழுதிவிடுகிறேன். முழங்கால் நோவுக்கு அப்பா ஒரு மருந்துக்கடையில் துண்டில்லாமலே டைக்ளோபெனக் வாங்கி ஏழெட்டு மாதம் விழுங்கியிருக்கிறார். கேட்டவுடன் கொடுத்தவர்களுக்கும், கேட்டவருக்கும், வீட்டிலிருந்தும் கவனிக்காத எனக்கும் அதில் பங்குண்டு. அந்த வகை நோவு மருந்துகள் சிறுநீரகத்துக்குள் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். பிறசர் மருந்தோடு சேரும்போது இன்னும் மோசம். அடுத்தது, சீனி இறங்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பிலிங்காயைப் பிழிந்து வெறுவயிற்றில் இரண்டு நாள் குடித்தார். மீன் ஆணத்தில் புளிப்புக்கு நாலு காய் போடுவது வேறு, தம்ளர் கணக்கில் சாறு குடிப்பது வேறு. பிலிங்காயிலும் காமரங்காயிலும் உள்ள ஒக்சலேற்று என்ற உப்பு சிறுநீரகக் குழாய்களில் பளிங்காகப் படிந்து, நல்ல சிறுநீரகத்தையே சில நாட்களில் நிறுத்திவிடக்கூடியது. ஏற்கெனவே நோயுள்ளவர்களுக்குக் காமரங்காய் மூளையையும் தாக்கும். விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும். இளநீரும் நோய் முற்றியவர்களுக்கு ஆகாது, அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தைக் குழப்பும். கருவாட்டைக் குறைக்கச் சொன்னபோதுதான் அப்பா உண்மையாகவே கோபித்துக்கொண்டார்.

இப்போது மூன்று கொப்பிகளின் முன்பக்கத்திலும் ஒரே தாளை ஒட்டியிருக்கிறேன்: என்னென்ன நோய், எந்த மருந்து, கடைசிக் கிரியட்டினின், சலத்தில் அல்புமின், விழித்திரையில் கண்டது, தவிர்க்க வேண்டிய நோவு மருந்துகள். சீனிக் கிளினிக்கில் ஒரு வைத்தியர் அதைப் படித்துவிட்டு ஒரு மருந்தின் அளவை மாற்றினார். காது மெஷினை அப்பா மத்தியானச் செய்திக்கு மட்டும் போடுகிறார்.

தாளை ஒட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் பசை பிடித்துத் தந்த அம்மாவிடம், உங்களுக்குக் கடைசியாகச் சலம் பார்த்தது எப்போது என்று கேட்டேன். என்னைப் பிள்ளை பெற்ற நேரம் என்றார். வருகிற செவ்வாய்க்கிழமை அவரையும் கூட்டிப்போகிறேன். விடிய எழும்பியதும் எடுக்கும் முதற் சலம் நல்லது என்றார்கள், சின்னப் போத்தல் ஒன்றைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறார்.