விற்றுவிடச் சொன்ன மாடு

அந்த வருடம் ஆடி மாதக் கடைசியில் சந்தையில் ஒரு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன்) கலப்பினப் பசு வாங்கினோம். மூன்றாம் ஈத்து, வேளைக்கு ஏழு லிட்டர் பால். ராத்திரி முழுக்க லாரியில் நின்றபடியே வந்து, விடியற்காலையில் தாராபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் இறங்கியது. இறக்கிய கையோடு மற்றப் பத்து மாடுகளோடு அதே கட்டுத்தறியில் கட்டினேன். குடிக்கவும் அதே தண்ணீர்த் தொட்டிதான். அந்த ஒரு காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஐந்தாம் நாள் அதற்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. கண்ணில் ஓயாமல் நீர். மூக்கின் உள்பக்கம் ரத்தச் சிவப்பு. காய்ச்சல் 105 டிகிரி. பதினான்கு லிட்டர் கறந்த மாடு ஆறு லிட்டருக்கு வந்துவிட்டது. பயணத்தில் பிடித்த சளி என்றுதான் நினைத்தோம். ஊசி போட்டோம், பத்து நாளில் தேறியது. அதற்குள் பக்கத்தில் நின்ற மூன்று மாடுகளுக்கும் அதே சளி. அவையும் தேறின. சரி, முடிந்தது என்று விட்டுவிட்டேன்.

புரட்டாசி கடைசியில் ஆறு மாதச் சினையாக இருந்த ஜெர்சி கலப்பு மாடு கன்று வீசியது, அதாவது மாதம் நிறையும் முன்பே கன்றைத் தள்ளிவிட்டது. முதல் நாள் வரை தீனி தின்று, அசை போட்டுக்கொண்டிருந்த மாடு. பதினேழு நாள் கழித்து, ஏழு மாதச் சினை மாடும் வீசியது. கன்று உள்ளேயே செத்துச் சில நாள் ஆகியிருந்தது பார்த்தாலே தெரிந்தது. இரண்டு மாட்டுக்கும் நஞ்சுக்கொடி தானாக விழவில்லை. முதல் கன்றை வெறுங்கையால் எடுத்துப் போய் நான்தான் புதைத்தேன்.

மாட்டு டாக்டர் அதைக் கேட்டதும் நன்றாகத் திட்டினார். "இது புருசெல்லாவா இருந்தா உங்களுக்கும் வரும்மா. மாசக்கணக்குல காய்ச்சல், மூட்டு வலின்னு படுத்திரும். கையுறை இல்லாம வீசின கன்னையும் நஞ்சையும் தொடவே கூடாது." அதனால் முதலில் அதைத்தான் பார்த்தார். எங்கள் பக்கம் கன்று வீச்சு நோய் என்றாலே அதுதான் என்று எல்லோரும் நினைக்கிறோம். பதினொரு மாட்டின் ரத்தத்திலும் புருசெல்லா இல்லை.

அப்புறம்தான் ஐ.பி.ஆர். என்ற பெயரைக் கேள்விப்பட்டேன். மூக்கும் மூச்சுக்குழாயும் அழற்சியாகும் நோய். மாட்டுக்கு வரும் ஹெர்பீஸ் வைரஸ் ஒன்றினால் வருவது. இந்தியாவில் 1976-லேயே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருடம் மாடு வைத்திருக்கும் நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. இரண்டாவது கன்றின் கல்லீரல், நுரையீரல், நஞ்சுக்கொடி இவற்றில் துண்டு எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு வழியாக அனுப்பினோம். மாடுகளின் ரத்தத்தை ஒரு தடவையும், 21 நாள் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். ஒரு தடவை பார்த்தால் எப்போதோ வந்த நோயா, இப்போது வந்ததா என்று பிரிக்க முடியாதாம். இரண்டு ரத்தத்துக்கும் நடுவில் எதிர்ப்புச் சக்தி ஏறியிருந்தால்தான் இப்போது வந்ததென்று அர்த்தம்.

முடிவு வந்தது. ஐந்து மாடுகளுக்கு இருந்தது. வாங்கி வந்த மாடு, வீசிய இரண்டு, சளி பிடித்து எழுந்த மற்ற இரண்டு. கன்றின் துண்டிலும் வைரஸ் இருந்தது.

"இதுக்கு மருந்து என்னங்க சார்?" என்றேன். இல்லை என்றார். சளியோடு கூடச் சேரும் வேறு கிருமிகளுக்குத்தான் ஊசி போட முடியும். வைரஸ் உடம்பை விட்டுப் போகாது, மாடு உயிரோடு இருக்கும்வரை இருக்கும் என்றார். எனக்கு அது புரியவே இல்லை. நன்றாகத் தின்கிறது, கறக்கிறது, நோய் எங்கே இருக்கிறது? அப்போது பக்கத்தில் நின்ற என் மாமியாரைக் காட்டிக் கேட்டார்: "அம்மாவுக்கு எப்பவாவது அக்கி வந்திருக்குங்களா?" வந்திருக்கிறது. ஐந்தாறு வருடத்துக்கு முன் இடுப்பைச் சுற்றி வந்து, குயவர் வீட்டில் போய்ச் செங்காவியால் அக்கி எழுதிக்கொண்டு வந்தார்கள். "சின்ன வயசுல வந்த சின்னம்மைதான் அது. கிருமி போகல. நரம்புக்குள்ள போய்ப் படுத்துக்கிச்சு. வயசாகி உடம்பு தளர்ந்ததும் எந்திரிச்சு வந்துச்சு. இந்த மாட்டு வைரஸும் அதே குடும்பம்தான். முகத்துக்கு வர்ற நரம்பு முடிச்சுல படுத்திருக்கும்."

அத்தைக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த வலியைப் பட்டவர்கள்.

எது எழுப்பும் என்றும் சொன்னார். லாரிப் பயணம், கன்று ஈனும் நேரம், வேறு நோய், தீனிக் குறைச்சல். வாங்கி வந்த மாட்டுக்கு முன்பே இருந்து, அந்த ஒரு ராத்திரி லாரியில்தான் விழித்திருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. இன்னொன்று, ஸ்டீராய்டு ஊசி. கன்று ஈன்ற பிறகு சத்துப் பற்றாமல் வரும் கீட்டோசிஸுக்கும், கால் வீக்கத்துக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போடுவது நம் ஊரில் சாதாரணம். இந்த ஐந்து மாடுகளுக்கும் அதைப் போட்டால் வைரஸ் வெளியே வரும். சினை மாட்டுக்கு அந்த ஊசியே கருவைக் கலைக்கவும் கூடும். அதனால் எந்த டாக்டர் வந்தாலும், ஊசி எடுப்பதற்கு முன்பே இந்த மாட்டுக்கு ஐ.பி.ஆர். இருக்கிறது என்று நான் சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

விஷயம் ஊருக்குள் பரவியதும் தரகர் வந்தார். "அஞ்சையும் வித்துப்போடுங் அக்கா. பார்த்தா ஒண்ணும் தெரியாது, நல்ல வெலைக்குப் போகும்" என்றார். என் வீட்டுக்காரரும் அரை மனதாக அதையே சொன்னார். கடன் இருந்தது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஜெர்மனி போன்ற நாடுகளில் நோய் உள்ள மாடுகளைக் கழித்துக் கழித்தே ஒழித்தார்களாம். அங்கே கழித்தது மந்தையை விட்டு. நாம் சந்தையில் விற்பது இன்னொருத்தர் கட்டுத்தறிக்கு அனுப்புவது. எனக்கு யாரோ அப்படித்தான் விற்றிருக்கிறார்கள், தெரிந்தோ தெரியாமலோ. அத்தைதான் முடித்து வைத்தார்கள்: "நம்ம கண்ணீரை இன்னொருத்தி வூட்டுக்கு ஓட்டிவிட வேண்டாங் கண்ணு."

வைத்துக்கொண்டோம். ஐந்தையும் மேற்கே வேப்பமரத்தடிக்கு மாற்றினோம். இந்த வைரஸ் மூக்கோடு மூக்கு உரசியும், இருமல் தும்மல் சாரலிலும்தான் அதிகம் பரவும். அதனால் மூக்கு எட்டாத தூரம் முக்கியம். தனித் தண்ணீர்த் தொட்டி, தனி வாளி, தனிக் கயிறு. கறப்பது நோயில்லாத மாடுகள் நிற்கும் கிழக்கு வரிசை முதலில், மேற்கு வரிசை கடைசியில். கை கால் கழுவாமல் கிழக்கே திரும்பி வருவதில்லை. தரையில் சாணியை வழித்துக் கழுவிய பிறகுதான் பிளீச்சிங் பவுடர் கரைசல். சாணியின் மேல் ஊற்றினால் அது வீண். ஊர்க் காளையிடம் ஓட்டிப் போவதை அடியோடு நிறுத்தினோம், ஏனென்றால் காளை வழியாகப் பிறப்புறுப்பிலும் இது தொற்றும். விந்திலும் வரும் என்பதால், காளைகளைப் பரிசோதிக்கும் நிலையத்தின் உறைவிந்துதானா என்று கேட்டுத்தான் சினை ஊசி போடுகிறோம். பால் பற்றிச் சொசைட்டியில் கேட்டார்கள். இது மனிதருக்கு வராது என்று டாக்டரே வந்து சொன்னார்.

தடுப்பூசி பற்றியும் கேட்டேன். வைரஸின் ஒரு புரதத்தை நீக்கிச் செய்த ஊசி இருக்கிறது. போட்ட பிறகு ரத்தம் பார்த்தாலும், ஊசியால் வந்த எதிர்ப்புச் சக்தியா, நோயால் வந்ததா என்று பிரிக்கலாம். நோயின் வேகத்தையும் கிருமி வெளியேறுவதையும் அது குறைக்கும். ஆனால் நரம்பில் படுத்திருப்பதை எடுக்காது. நோயில்லாத மற்ற ஆறு மாடுகளும் தனியே, சுத்தமாக இருப்பதால் இப்போதைக்குப் பரிசோதனையும் பிரித்து வைப்பதும் போதும் என்று முடிவு செய்தோம். மாடுகள் அதிகம் வந்து போகும் பண்ணைக்கு இது பொருந்தாது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு மாடு வாங்கினோம். வாங்குவதற்கு முன் ரத்தம் பார்த்து, வந்த பிறகும் முப்பது நாள் பழைய புகையிலைக் கொட்டகையில் தனியே கட்டினோம்.

வாங்கி வந்த அந்த முதல் மாடு மறு வருடம் ஆவணியில் கிடாரிக் கன்று போட்டது. சீம்பாலைக் குறைக்காமல் கொடுத்து, பிறகு கன்றைத் தனியே பிரித்து வாளியில் பால் காட்டி வளர்த்தேன். சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி வருவதால், சின்னக் கன்றின் ரத்தத்தில் நோய் இருப்பதுபோலவே காட்டும். அதனால் ஒன்பதாம் மாதம்வரை காத்திருந்து வைகாசியில் ரத்தம் எடுத்தோம். இல்லை என்று வந்தது. ஒரு வயதில் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். கிழக்கு வரிசையின் கடைசியில், ஒரு முளைக்குச்சி இடம் விட்டுக் கட்டியிருக்கிறேன். தாய் வேப்பமரத்தடியிலிருந்து கத்தினால், இது காதை மட்டும் திருப்புகிறது.