பதினோராயிரம் அடியில் ஒரு கார்புரேட்டர்

கொலராடோவின் மான்ட்ரோஸ் ஊரில் பெட்ரோல் போட நிறுத்தினோம். பம்ப்பில் 85 என்று ஒரு பொத்தான். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் சாதாரண பெட்ரோல் என்றால் 87 ஆக்டேன்தான்; கொலராடோ மாதிரி மலை மாநிலங்களில்தான் இந்த 85 இன்னும் விற்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது, சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது, அதனால் எஞ்சின் ‘நாக்கிங்’ அடிக்கும், அதாவது பெட்ரோல் நேரங்கெட்டு வெடித்துத் தட்டும், வாய்ப்பும் குறைகிறது. அதைத் தாங்கும் திறனைச் சொல்லும் எண்தான் ஆக்டேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்ப கார்புரேட்டர் இருந்த காலத்தில் போட்ட கணக்கு இது. கம்ப்யூட்டர் வைத்த இன்றைய வண்டிகளுக்குப் பொருந்தாது. என் வண்டி 1971-ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-100 பிக்கப். அதனால் யோசிக்காமல் 85-ஐ அழுத்தினேன். இந்தப் பம்ப்பில் அந்தப் பொத்தான் யாருக்காக இருக்கிறதோ, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதில் ஒரு சின்ன கர்வம்.

போகவேண்டிய பாதை யுஎஸ் 550. மான்ட்ரோஸிலிருந்து தெற்கே யுரே, அங்கிருந்து சில்வர்டன், பிறகு டுராங்கோ. யுரேக்கும் சில்வர்டனுக்கும் நடுவே உள்ள இருபத்தைந்து மைலைத்தான் ‘மில்லியன் டாலர் நெடுஞ்சாலை’ என்கிறார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் எதையும் நம்புவதாக இல்லை. மூன்று கணவாய்கள்: ரெட் மவுண்டன் 11,018 அடி, மோலாஸ் 10,910 அடி, கோல் பேங்க் 10,640 அடி. புது வண்டியில் போனால் இவை பலகையில் எழுதிய எண்கள், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் காற்றை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும், ஏசி ஓடும், பாட்டு ஓடும். கார்புரேட்டர் வண்டியில் ஒவ்வோர் ஆயிரம் அடியும் வலது காலுக்குத் தெரியும். அதற்காகவே இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தேன்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். எஞ்சின் 300 கன அங்குல ஆறு சிலிண்டர், அதாவது 4.9 லிட்டர். 1965-இல் வந்து 1996 வரை தயாரிப்பில் இருந்த எஞ்சின். எட்டு சிலிண்டர் வி-8 வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இதில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டைச் சுற்றுவது செயினும் இல்லை, பெல்ட்டும் இல்லை. பல்சக்கரம் நேரடியாகப் பல்சக்கரத்தோடு கோத்திருக்கிறது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்க ஏழு மெயின் பேரிங். வேகம் கிடையாது, இழுவை உண்டு. எஞ்சின் நீளமாக, ஒல்லியாக இருப்பதால் இரண்டு பக்கமும் ஓர் ஆள் இறங்கி நிற்கும் அளவுக்கு இடம். நிஜமாகவே ஃபெண்டரைத் தாண்டி உள்ளே நின்று பிளக் மாற்றியிருக்கிறேன். பிக்கப் பழுதுபார்ப்பதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள இதைவிடப் பெரிய காரணம் எனக்கு வேண்டாம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நண்பர் ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்ற பாதி வண்டியைப் பிரிக்கிறார்.

இன்னொரு விசேஷம், பெட்ரோல் டேங்க். அந்தக் காலத்து எஃப்-100-இல் டேங்க் ஓட்டுநர் அறைக்குள்ளேயே, சீட்டின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இன்றைக்கு இப்படி ஒரு வண்டியை நினைத்தே பார்க்க முடியாது. வளைவில் திரும்பும்போது பெட்ரோல் ‘களக் களக்’ என்று முதுகுக்குப் பின்னால் அலம்புவது கேட்கும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை மீட்டர் முள்ளைவிட அந்தச் சத்தம் சரியாகச் சொல்லும்.

கிளம்புமுன் வீட்டில் செய்துகொண்ட வேலைகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றியது. இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அந்தக் காலத்து ரப்பரை அது ஊறவைத்து வெடிப்பு விழச் செய்துவிடும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் தனியாகக் கிடைக்கிறது. இரண்டு, டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு வேக்குவம் மீட்டர் பொருத்தியது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வலுவைப் பாதரச அங்குலத்தில் காட்டும் கருவி அது. நல்ல எஞ்சின் கடல் மட்டத்தில் ஐட்லிங்கில் ஓடும்போது அதில் 18 முதல் 20 அங்குலம் காட்டும். ஆயிரம் அடி ஏறினால் சுமார் ஓர் அங்குலம் இறங்கும். எஞ்சின் நன்றாக இருந்தால், அது ஏறத்தாழ ஓர் உயரமானி.

இந்த மீட்டரைப் படிக்கும் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டாள். அதற்கும் காரணம் உண்டு. யுரேயைத் தாண்டியதும் சாலை அன்கம்பாக்ரே ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டி ஏறுகிறது. அமெரிக்காவில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். தெற்கே போகிறவர்களுக்கு வலப்பக்கம் என்பது பள்ளத்துப் பக்கம். பல இடங்களில் வெள்ளைக்கோடு முடியும் இடத்தில் சாலையும் முடிகிறது, தடுப்பு கிடையாது. குளிர்காலத்தில் பனியைத் தள்ள அந்த ஓரம் திறந்திருந்தாக வேண்டும் என்பதால் தடுப்பு வைப்பதில்லை என்கிறார்கள். அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தது அவள்.

“கீழ பாக்காத. மீட்டரப் பாரு.”

“மீட்டரத்தான் பாக்குறேன். நீங்க ரோட்டப் பாருங்க. கொஞ்சம் லெஃப்ட்ல ஒட்டிப் போங்க.”

இடப்பக்கம் ஒட்டினால் எதிரே வரும் கேம்பர் வண்டி. இப்படியே பேர் கிரீக் அருவி வரை வந்தோம். 1880-களில் இந்தப் பாதையைப் போட்டவர் ஓட்டோ மியர்ஸ். ரஷ்யப் பேரரசில் பிறந்து இங்கே வந்து, மலையெங்கும் சுங்கச் சாலை போட்டுச் சம்பாதித்த மனிதர். சுங்கச் சாவடியை அவர் வைத்தது சரியாக இந்த அருவிப் பாலத்தின்மேல். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். காசு கொடுக்காமல் சுற்றிப்போக யாராலும் முடியாது. தொழில் தெரிந்தவர்.

ஏற ஏற வண்டி திணற ஆரம்பித்தது. எதிர்பார்த்ததுதான். கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது. அதற்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னக் குழலான ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவு பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். காற்றோ மெலிந்துவிட்டது. பெட்ரோல் அதிகம், காற்று குறைவு என்றால் கரும்புகை, பிளக்கில் கரி, இழுவையில் சோர்வு. பொதுவாக ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் சக்தி போகும் என்பார்கள். பதினோராயிரம் அடியில் மூன்றில் ஒரு பங்கு எஞ்சினை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு வந்த கணக்கு. ஓர் ஒதுக்குப்புறத்தில் நிறுத்திப் பிளக் ஒன்றைக் கழற்றினேன். அடுப்படிச் சுவர் மாதிரி கறுப்பு. மனைவி மீட்டரைப் பார்த்துச் சொன்னாள்: “பத்துக்குக் கீழ போயிடுச்சு.” கையோடு கொண்டுவந்த ஒரு சைஸ் சின்ன ஜெட்டைப் போட்டு, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி, பொறி பாயும் நேரமான டைமிங்கை இரண்டு மூன்று டிகிரி முன்னால் தள்ளினேன். ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு ஸ்பேனர், ஒரு டைமிங் லைட். ஐட்லிங் சத்தம் மாறியதைக் கேட்டு அவளே நிமிர்ந்து பார்த்தாள். போன சக்தி திரும்பாது; திணறல் மட்டும் போகும். அது போதும்.

அயர்ன்டன் பகுதியில் பழைய சுரங்க வீடுகளைப் பார்க்க எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினோம். ரெட் மவுண்டன் பெயருக்கேற்ற சிவப்பு. பாறையில் இருக்கும் இரும்பு துருப்பிடித்த நிறம். படம் எடுத்துத் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகவில்லை. இந்த எஞ்சினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம். கார்புரேட்டர் எக்ஸாஸ்ட் சூட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது காற்றும் புதுப் பெட்ரோலும் வந்து குளிர்த்தும். அணைத்ததும் சூடெல்லாம் மேலே ஏறும். உயரத்தில் எந்தத் திரவமும் சீக்கிரம் கொதிக்கும். அந்த உயரத்தில் தண்ணீரே 90 டிகிரிக்கு முன்பின்னாகக் கொதித்துவிடும். பெட்ரோலைக் கேட்கவா வேண்டும்? கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் கொதித்து வழிந்து எஞ்சினுக்குள் போயிருந்தது. பெட்ரோல் வரும் குழாயான லைனில் ஆவி.

ஈரத்துணியை பெட்ரோல் லைனில் சுற்றிக்கொண்டிருந்தபோது பழைய ஷெவர்லே பிக்கப் ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்த பெரியவர் விசாரிக்கவே இல்லை. டேஷ்போர்டிலிருந்து ஒரு கைப்பிடி மர கிளிப்புகளை, துணி காயப்போடும் கிளிப்புகளைத்தான், எடுத்துவந்து லைன் நெடுக வரிசையாக மாட்டினார். அமெரிக்கப் பழைய வண்டிக்காரர்களிடம் தலைமுறையாக இருக்கும் வைத்தியம் இது. மரம் சூட்டை இழுக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. மரத்துக்கு அந்தக் குணம் இல்லை. கிளிப் மாட்டி முடிக்க ஆகும் நேரத்தில் லைன் தானாக ஆறிவிடுகிறது என்பது என் கட்சி. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடியே, பம்ப் செய்யாமல், ஸ்டார்ட்டரை ஓடவிட்டேன். அதிகப்படி பெட்ரோல் வெளியேறக் காற்று வழி வேண்டும். பதற்றத்தில் மிதித்து மிதித்து எடுத்தால் இன்னும் ஊற்றிக்கொண்டே போகும். கரும்புகை ஒன்றை விட்டுவிட்டு எஞ்சின் பிடித்தது. பெரியவர் கிளிப்புகளைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. “வச்சுக்கோ, மோலாஸ்ல வேணும்” என்றார். ஈரத்துணி உதவியதா கிளிப் உதவியதா என்று அவரிடம் வாதாடும் இடம் அதுவல்ல.

வழியில் ஒரு நினைவுக்கல். இந்தச் சாலையில் பனி ஒதுக்கும் வேலையில் இருந்து பனிச்சரிவில் இறந்த ஓட்டுநர்களுக்கானது. அந்த இடத்தில் மட்டும் வேறு பேச்சு எழவில்லை.

சில்வர்டன் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 9,318 அடியில் பழைய சுரங்க ஊர். 1882-இல் டுராங்கோவிலிருந்து வந்த குறுகிய ரயில் பாதையில் இன்றும் நீராவி எஞ்சின் வருகிறது. என் வண்டியைவிட அதிகப் புகை விட்ட ஒரே வண்டி அன்றைக்கு அதுதான்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் விஷயம். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். விடாமல் மிதித்தால் டிரம் சூட்டில் விரிந்து, உள்ளிருந்து அதை உரசிப் பிடிக்கும் ஷூவைவிட்டு விலகும், ஷூவின் மேலுள்ள லைனிங்கின் பிடிப்பும் குறையும். பெடல் கீழே போகும், வண்டி நிற்காது. ஆகவே எஞ்சினே பிரேக். நான்கு கியர் பெட்டியில் முதல் கியர் 6.7 விகிதம், அது வயலில் கல் இழுக்க, சாலைக்கு அல்ல. இரண்டாவதில் போட்டுவிட்டால் வண்டி தானாகவே அடங்கி இறங்கும். வேகம் ஏறினால் ஒரே அழுத்து, உடனே விடுவிப்பு. டிரம் ஆற நேரம் வேண்டும். பின்னால் ஒரு நீளமான வரிசை சேர்ந்துவிடும். ஒதுங்க இடம் கிடைக்கும்போதெல்லாம் ஒதுங்கி வழிவிட்டேன். பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியில் பின் அச்சுக்கு நேர்மேலே மணல் மூட்டைகளும் இருந்தன. வெறும் பிக்கப்பின் பின்பக்கம் இறகு. நனைந்த வளைவில் அது முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். மணலின் எடை பிரேக்குக்குக் கூடுதல் வேலைதான், தெரிந்தே எடுத்துக்கொண்டேன். கோல் பேங்க் இறக்கத்தின் பாதியில் லேசாக லைனிங் வாடை வந்தது. நிறுத்தி, சக்கரத்தைத் தொடாமல் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். முன் வலது மட்டும் மற்றதைவிடச் சூடு. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி வைக்கும் அட்ஜஸ்டர் ஒரு பல் இறுக்கமாக இருந்திருக்கிறது. ஆறவிட்டு, பின்தட்டுத் துளை வழியே ஸ்க்ரூடிரைவரை விட்டுத் தளர்த்தினேன்.

டுராங்கோ 6,500 அடி. அங்கே மீட்டர் முள் மேலே வந்திருந்தது. சின்ன ஜெட் இனி எஞ்சினைப் பட்டினி போடும் என்பதால் பழைய ஜெட்டைத் திரும்பப் போட்டேன்; டைமிங்கையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். கார்புரேட்டருக்கு அடியில் சூடு தடுக்கும் தடித்த ஸ்பேசர் ஒன்று போடவேண்டும் என்று குறித்துவைத்தேன்.

வந்த வழியே திரும்புவதற்கு மனைவி ஒப்புக்கொண்டாள். வடக்கே போகும்போது மலைப் பக்கத்துத் தடம் நமக்கு என்பதை வரைபடத்தில் தானே சரிபார்த்த பிறகு.