ஓர் அடிக்கு மேல் பெருக்கலாகாது

கியோட்டோவில் குடியேறிய முதல் மாதத்தில் நான் செய்த பெரும் நற்செயல், பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்துப் பெருக்கியது. பழைய மரவீடுகள் நெருங்கி நிற்கும் அந்தச் சந்தில், அதிகாலையில் அவரவர் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பதைக் கண்டபோது, கோலம் ஒன்றுதான் குறை என்று தோன்றியது. பக்கத்து வீட்டு மூதாட்டி குனிந்து பெருக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் ஒப்பாமல், நான்கைந்து நாட்கள் அவர் வெளியே வருவதற்கு முன்பே அவர் வாசலையும் முடித்துவிட்டேன். ஒரு நாள் அவர் தலைதாழ்த்தி, "எப்போதும் இவ்வளவு சுத்தமாக வைத்துத் தருகிறீர்களே, மிக்க நன்றி" என்றார். நான் மகிழ்ந்துபோய் மறுநாள் இன்னும் சீக்கிரம் எழுந்தேன்.

அலுவலகத்தில் இதைப் பெருமையாகச் சொன்னபோது, அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த சக ஊழியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். இந்த வழக்கத்துக்கு 'கதோஹாகி' என்று பெயர். தன் எல்லையைத் தாண்டி ஏறக்குறைய ஓர் அடி, அதாவது 30 செ.மீ. வரை பெருக்கலாம். எல்லையோடு நிறுத்தினால் ஒட்டுறவில்லாதவன் என்றாகும். முழுவதையும் பெருக்கினாலோ, உங்கள் வாசலை உங்களால் பேண முடியவில்லை என்று சொல்லாமல் சொன்னதாகிவிடும். அந்த நன்றிக்குப் பொருள், போதும் நிறுத்து என்பதுதான்.

வெட்கத்தைவிட எனக்கு வியப்பே மிகுந்தது. ஜாடைப் பேச்சிலேயே ஊறிய வீட்டில் வளர்ந்தவன் நான். தின்றுவிட்டுப் படுத்திருக்கும் பூனையைத் திட்டும் சாக்கில் வேலைக்குப் போகாத சித்தப்பாவுக்கு உறைக்கச் செய்வது பாட்டியின் அன்றாடக் கலை. நான் இரண்டு வாரம் அழைக்காவிட்டால், "அங்கே குளிர் அதிகமாமே, விரல் மரத்துப் போயிருக்கும்" என்பார் அம்மா. குறிப்பறிதலுக்குத் திருக்குறளில் பொருட்பாலில் ஓர் அதிகாரம், காமத்துப்பாலில் ஓர் அதிகாரம். இத்தனை இருந்தும் எனக்கு ஏன் காது கேட்கவில்லை? நம் ஊர் ஜாடை யாரையோ எதையோ பார்த்துச் சொல்லப்படும். குரலில் ஒரு சூடு இருக்கும், கையிலிருக்கும் பாத்திரம் சற்று ஓசையோடு கீழே வைக்கப்படும். கியோட்டோவின் ஜாடையோ நேருக்கு நேர் நின்று, புன்னகையோடு, பாராட்டாக வருகிறது. சூட்டைத் தேடியே பழகிய காதுக்கு அது வெறும் பாராட்டாகவே கேட்கிறது.

மகள் மரத்தரையில் தட்டடவு பழகிக்கொண்டிருந்த நாட்களில், "குழந்தை நல்ல உற்சாகமாக இருக்கிறாள்" என்று அதே மூதாட்டி சொன்னபோது, இந்த முறை நான் நன்றி சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன், மறுநாளே கனமான விரிப்பு ஒன்றை வாங்கிப் போட்டேன். எழாத விருந்தாளியிடம் 'புபுஸுகே' சாப்பிடுகிறீர்களா, அதாவது தேநீர் ஊற்றிய சோறு வேண்டுமா என்று கேட்டால் கிளம்பு என்று பொருளாம். ஜப்பான் முழுவதும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். இங்கே குடியிருந்த ஆறு ஆண்டுகளில் ஒருவர்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. (நான் சீக்கிரம் எழுந்துவிடுகிறேன் என்பதும் காரணமாக இருக்கலாம்.)

சென்ற இலையுதிர் காலத்தில் அம்மா வந்திருந்தார். வாசல் பெருக்கிய கதையை முதல் நாளே சொல்லிவிட்டேன்; அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தேநீர்த் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். நடைபாதைக் கற்கள் இரண்டாகப் பிரியும் இடத்தில், ஒரு பக்கத்துக் கல்லின்மேல், கையளவு உருண்டைக் கல் ஒன்று கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டப்பட்டு, பொட்டலம் போல உட்கார்ந்திருந்தது. 'செகிமோரி இஷி' என்பார்கள், வழி காக்கும் கல். பலகையில்லை, வேலியில்லை, சிறுகுழந்தைகூடத் தாண்டிவிடலாம், ஆனால் யாரும் தாண்டுவதில்லை. நான் விளக்க வாயெடுப்பதற்குள் அம்மா தாமாகவே மற்றப் பாதையில் திரும்பினார். இரண்டடி வைத்தபின் நின்று, "சிலருக்குச் சொன்னால்தான் புரியும். உனக்கு அந்தக் கவலையே இல்லை, பேசாமல் உட்கார்ந்தே காரியத்தை முடித்துவிடுகிறாய்" என்றார்.

கல்லைப் பார்த்துத்தான் சொன்னார்.