மாஸ்டர்ஜியும் மிலிட்டரி வாத்தியாரும்

பட்டாளத்தில் எனக்கு ‘மாஸ்டர்ஜி’ என்று பெயர். ஊருக்குத் திரும்பி மறுபடியும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது ‘மிலிட்டரி வாத்தியார்’ ஆகிவிட்டேன். போருக்குப் போனவன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “எத்தனை பேரைச் சுட்டீங்க சார்?” ஒருவரையும் சுடவில்லை. நான் இருந்தது ஆர்மி சர்வீஸ் கோர். முன்னால் நிற்கிறவர்களுக்கு அரிசி, கோதுமை, பெட்ரோல் எல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கிற பிரிவு. அங்கே நான் பார்த்ததில் முக்கால்வாசி வாத்தியார் வேலைதான். இதைச் சொன்னால் கேட்டவர் முகம் வாடிப்போகும்.

1962-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். கரிசல் காடு. பையன்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரப்பு வழியாக நடந்தே வருவார்கள். அந்த அக்டோபர் 20-ம் தேதி சீனா எல்லையைத் தாண்டியது. 26-ம் தேதி நெருக்கடி நிலை அறிவித்தார்கள். பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி ஊரே நின்றது. நவம்பரில், இன்று அருணாசலப் பிரதேசத்தில் இருக்கிற போம்டிலா விழுந்தது என்ற செய்தி வந்தபோது, அந்தப் பெயரை அதற்கு முன் எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. மறுநாள் வகுப்பில் ஒரு பையன் “அது எங்க சார் இருக்கு?” என்று எழுந்து நின்றான். பள்ளியில் இருந்த இந்தியப் படத்தில் அந்த ஊரே இல்லை.

ராணுவத்தில் அதிகாரிகள் போதவில்லை என்று எமர்ஜென்சி கமிஷன் கொண்டுவந்தார்கள். நெருக்கடிக் காலத்துக்கு மட்டும் தற்காலிகமாக அதிகாரி ஆக்குகிற திட்டம். பட்டதாரிகள் நிறையப் பேர் எழுதிப் போட்டார்கள். நானும் போட்டேன். தேசபக்தி இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாத்தியார் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் என்பதும், வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் இருந்தார்கள் என்பதும் கூடவே இருந்தது. தேர்வில் ஏதாவதொரு தலைப்பைக் கொடுத்துச் சில நிமிடம் பேசச் சொன்னார்கள். நாற்பது பையன்களைத் தூங்கவிடாமல் மதியம் மூன்றாவது பீரியடில் அல்ஜீப்ரா நடத்தியவனுக்கு அதென்ன பெரிய விஷயம்!

பரங்கிமலையில் ஆபீசர்ஸ் டிரெயினிங் ஸ்கூலை 1963 ஜனவரியில்தான் திறந்திருந்தார்கள். ஆறு மாதம் போலப் பயிற்சி. ஓட்டம், துப்பாக்கி, கவாத்து எல்லாவற்றிலும் நான் சுமார்தான். ‘மெதட்ஸ் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று ஒரு பாடம் வைத்திருந்தார்கள். முதலில் விளக்கிச் சொல், பிறகு செய்து காட்டு, அவனைச் செய்யச் சொல், பழக்கு. கடைசியில் கேள்வி கேட்டுச் சரிபார். பி.டி. என்கிற ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் ஒரு வருஷம் உளவியல் புத்தகத்தோடு மல்லுக்கட்டிப் படித்ததை இவர்கள் ஒரு தாளில் எழுதி மாட்டிவிட்டார்கள். எனக்கு உண்மையில் பொறாமையாக இருந்தது.

அப்புறம் பரேலியில் சர்வீஸ் கோர் பள்ளி, அங்கிருந்து பஞ்சாபில் ராணுவ லாரிகளை ஓட்டுகிற ஒரு போக்குவரத்துக் கம்பெனி, அதாவது படைப் பிரிவு. அங்கே டிரைவர்களில் தமிழர், மலையாளி, பஞ்சாபி, கட்வாலி எல்லோரும் உண்டு. எனக்கு இந்தி சுத்தமாக வராது. அதிகாரிகள் இந்தித் தேர்வு எழுதித் தேற வேண்டும். 1965 ஜனவரியில் நான் அந்தத் தேர்வுக்காக இரவில் உட்கார்ந்து ஆண்பால் பெண்பால் வினைகளை உருப்போட்டுக்கொண்டிருக்கிறேன். ஊரிலோ இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிகிறது. பள்ளிக்கூடங்கள் மூடியிருப்பதாகத் தங்கை எழுதியிருந்தாள். என்னிடம் படித்த பையன்கள் மதுரைக் கல்லூரிகளில் இருந்தார்கள். கம்பெனி கமாண்டர் நாளிதழை நீட்டி, “மாஸ்டர்ஜி, உங்க ஊர்ல என்ன நடக்குது?” என்றார். சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு, “சரி, நீங்க தேர்வுல பாஸ் பண்ணிடுங்க” என்று மட்டும் சொன்னார். பாஸ் பண்ணினேன். இன்றுவரை இரண்டிலும் எனக்குச் சங்கடம் இல்லை. லாரி டிரைவரிடம் பேச இந்தி வேண்டியிருந்தது. கமுதிப் பையன் தலையில் அதைக் கட்ட வேண்டியதில்லை.

அந்த செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர் வந்தது. 6-ம் தேதி லாகூர் முனையில் நம் படை எல்லை தாண்டியது. அடுத்த நாள் இரவு சியால்கோட் பக்கம். பதான்கோட், கதுவா, சாம்பா வழியாகத்தான் அந்தப் பக்கத்துக்கு எல்லாமே போக வேண்டும். அங்கே போன செஞ்சூரியன் டாங்கிகள் பெட்ரோலில் ஓடுபவை. ஊற்ற ஊற்றக் குடிக்கும். எங்கள் லாரிகள் போதாமல் பஞ்சாபின் தனியார் லாரிகளையும் எடுத்துக்கொண்டார்கள். ஓட்டிவந்த சர்தார்கள் சீருடை போடாதவர்கள். யாருக்கும் சல்யூட் அடிக்க மாட்டார்கள். ஆனால் குண்டு விழுந்த சாலையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

பகலில் விமானத்துக்குப் பயந்து மரத்தடியிலும் கரும்புக் காட்டு ஓரத்திலும் வண்டிகளை மறைத்து வைப்போம். ஓட்டமெல்லாம் இரவில்தான், முன்விளக்கு இல்லாமல். லாரியின் பின்பக்கம் அடியில், அச்சுக்கு நடுவே உருண்டையாக இருக்கிற டிஃபரென்ஷியலுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, அதன்மேல் மட்டும் படும்படி ஒரு சின்ன பல்பு வைத்திருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாது. பின்னால் வருகிறவன் அந்த வெள்ளை உருண்டையைப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். ரொம்ப நெருங்கினால் மோதுவான்; விட்டுவிட்டால், அவனும் அவன் பின்னால் வருகிற அத்தனை வண்டியும் வழி தப்பிவிடும். அந்தப் பக்கம் வழி தப்பினால் எதிரி ஊரில்தான் போய் நிற்க வேண்டும்.

கிளம்புமுன் மண்ணில் வழியை வரைந்து சொல்வேன். செங்கல்லை வைத்தால் ஊர், குச்சியை வைத்தால் பாலம், பள்ளமாகக் கீறினால் கால்வாய். சொல்லி முடித்து “புரிஞ்சுதா?” என்றால், “ஜி சாப்!” என்று ஒரே குரலில் பதில் வரும். வகுப்பறையில் கேட்டுக் கேட்டுக் காது புளித்த பதில் அது. நம்ப மாட்டேன். வட ஆற்காட்டுக்காரன் ஒருவன் எப்போதும் பின்வரிசையில் பீடியை மறைத்துக்கொண்டு நிற்பான். அவனைக் கூப்பிட்டு, “நீ சொல்லுப்பா, எங்கே திரும்பணும்?” என்பேன். ஒருநாள் எல்லாம் சரியாகச் சொன்னான். இரண்டாவது பாலத்தை மட்டும் விட்டுவிட்டான். அதைக் கேட்டுச் சிரித்த நாயக்கை, ஜவானுக்கு ஒரு படி மேலே இருக்கிறவனை, எழுப்பிக் கேட்டேன். அவன் பாலத்தைச் சொன்னான், திரும்ப வேண்டிய பக்கத்தை மாற்றிச் சொன்னான். சரியென்று மண்ணை அழித்துவிட்டு முதலிலிருந்து வரைந்தேன். கிளம்பத் தாமதமாயிற்று, அதற்கு மேலதிகாரிகளிடம் பதில் சொல்லவும் வேண்டியிருந்தது.

இன்னொரு வேலை, கடிதம் பார்ப்பது. களத்திலிருந்து ஜவான்கள் எழுதும் கடிதத்தை யூனிட் அதிகாரி படித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஊர்ப் பெயர், படைப் பெயர், அடிபட்டவர் விவரம் இருந்தால் மை பூசி அழிக்க வேண்டும். தமிழ்க் கடிதம் எல்லாம் என்னிடம் வரும். போரைப் பற்றி அவற்றில் அநேகமாக எதுவும் இருக்காது. மாடு கன்று போட்டதா, பங்காளி வரப்பை வெட்டினானா, மச்சினன் வாங்கிய கடனைக் கொடுத்தானா, இதுதான். பிறத்தியார் வீட்டுச் சண்டையைப் படித்துவிட்டு, மறுநாள் காலை அவன் முகத்தைப் பார்த்து வண்டிச் சாவியைக் கொடுப்பது எனக்குக் கடைசிவரை பழகவில்லை. எழுதத் தெரியாத சிலருக்கு நானே எழுதியும் கொடுத்தேன். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிவிட்டு, அதிகாரி என்ற முறையில் அதையே சென்சார் செய்து கையெழுத்தும் போடுவேன். 23-ம் தேதி போர் நின்ற பிறகு அவர்களில் கொஞ்சம் பேருக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தேன். கல்விச் சான்றிதழ் இருந்தால்தான் பதவி உயர்வு என்பதால் ஒழுங்காக வந்தார்கள். பாடம் முடிந்ததும் சல்யூட் அடித்துவிட்டுப் போகிற மாணவர்களை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

எமர்ஜென்சி கமிஷன் அதிகாரிகளைப் பிறகு கட்டம் கட்டமாக வெளியே அனுப்பினார்கள். மத்திய அரசு வேலைகளில் எங்களுக்கென்று சில இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். கூட இருந்த சிலர் தேர்வு எழுதி அங்கே போனார்கள். நான் பழைய பள்ளிக்கே வந்தேன். தங்கைகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, அம்மா தனியாக இருந்தார், அவ்வளவுதான் காரணம். பட்டாள வருஷங்களைச் சம்பளக் கணக்கில் சேர்க்கச் சொல்லிப் போட்ட மனு ஒரு அலுவலகத்தில் வெகுநாள் படுத்துக் கிடந்தது. அந்தக் கதையை இங்கே எழுதி உங்களைச் சலிப்பூட்ட வேண்டாம்.

தலைமையாசிரியர் என்னை எடுத்ததே, நான் பையன்களை அடித்து அடக்குவேன் என்ற நம்பிக்கையில்தான். பள்ளி மாணவர்களுக்குக் கவாத்துப் பழக்குகிற என்.சி.சி.யும் என் தலையில் விழுந்தது. ஆனால் 1968 ஜனவரி 23-ம் தேதி சட்டசபையில் போட்ட இருமொழித் தீர்மானத்தில், என்.சி.சி.யில் இந்திக் கட்டளைகள் கூடாது என்பதும் இருந்தது. எங்கள் பள்ளியில் கவாத்து நின்றது. பிரம்பு விஷயத்திலும் தலைமையாசிரியருக்கு ஏமாற்றம். முன்பு நானும் அடிக்கிறவன்தான். லாரி வரிசையாக ஓட்டிய அந்தக் கான்வாய் நாட்களுக்குப் பிறகு, புரியாமல் நிற்கிறவனை அடிக்கக் கை வரவில்லை. அடித்தால் அவன் அடுத்த தடவை “புரிஞ்சுது” என்று சொல்லிவிடுவான், அதுதான் எனக்குப் பயம்.

பூகோள வாத்தியார் மாற்றலாகிப் போன வருஷம் அந்தப் பாடத்தையும் நானே எடுத்தேன். வகுப்புக்குள் மணலைக் கொட்டி மேற்குத் தொடர்ச்சி மலையும் வைகையும் செய்தோம். பெருக்குகிற அம்மா சண்டைக்கு வந்ததால் வேப்பமரத்தடிக்கு மாற்றினோம். ஆய்வுக்கு வந்த அதிகாரி மணலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மழை ஏன் அந்தப் பக்கம் மட்டும் பெய்கிறது என்று தாமே விளக்கினார், நன்றாகவே விளக்கினார். முடித்துவிட்டு, “என்ன, எல்லாருக்கும் புரிஞ்சுதா?” என்று கேட்டார். “புரிஞ்சுது சார்!” என்று வகுப்பே கத்தியது. அவர் திருப்தியோடு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை.