ஒஹியாவிலிருந்து நடந்தே ஹோர்ட்டன் சமவெளிக்கு

கார் தேவையில்லை, இலங்கை மலைநாட்டின் ஒஹியா ரயில் நிலையத்தில் இறங்கினால் போதும். அங்கிருந்து ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கு ஏறுமுகமாகச் சுமார் 11 கிலோமீட்டர். மூன்று, மூன்றரை மணி நேரம் பிடிக்கும். மேலே ‘உலக முடிவு’ (World's End) என்னும் செங்குத்து மலைவிளிம்பைப் பார்த்துச் சுற்றிவர இன்னும் 9 கிலோமீட்டர். ஆக, போய்வர 31. அதனால் முதல்நாளே ஒஹியாவில் தங்கி, விடிந்ததும் கிளம்புங்கள்.

ஒன்பது, பத்து மணிக்குள் மூடுபனி பள்ளத்தாக்கை மறைத்துவிடும். காட்சி மட்டும்தான் வேண்டுமென்றால் இந்த நடை ஏமாற்றும். எனக்கென்னவோ புல்வெளியே போதும்.

பொலித்தீன் உள்ளே போகாது, வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். சோற்றை வாழையிலையில் கட்டுங்கள். தண்ணீர் போத்தலின் லேபிளைக்கூடக் கழற்றச் சொல்வார்கள். மரை மான்கள் கிட்ட வந்து நிற்கும், பிஸ்கட் நீட்டாதீர்கள். சேறாக இருந்தாலும் பாதையிலேயே மிதியுங்கள். ஓரமாக ஒதுங்கினால் புல் செத்துப் பாதை அகலும்.