முப்பது பவுண்டும் ஒரு மர எலியும்

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், தெர்ஸ்க் ரயில் நிலையத்திலிருந்து கில்பர்ன் கிராமத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். டாக்சிக்காரர் முப்பது பவுண்டு வாங்கிவிட்டார். ரூபாயில் கணக்குப் போடக் கூடாது என்றுதான் ஊரிலிருந்து கிளம்பினேன். முதல் வளைவு திரும்புவதற்குள் போட்டுவிட்டேன். "திரும்பும்போது சவாரி கிடைக்காது" என்றார். கோயம்பேட்டில் கேட்ட அதே வசனம், யார்க்‌ஷயர் உச்சரிப்பில்.

போனது ராபர்ட் தாம்சனின் ஓக் மரச் சாமான்களைப் பார்க்க. 1876இல் இதே ஊரில் பிறந்த தச்சர். எந்திரச் சரக்கு வேண்டாம், கைவேலைதான் வேலை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் கிளப்பிவிட்ட இயக்கத்தின் வழியில் வந்தவர். சின்ன வயதில் எஞ்சினியரிங் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள், பிடிக்கவில்லை. ரிப்பன் பேராலயத்தின் பழைய மரச் செதுக்கல்கள்தான் அவரை இழுத்தன. 1955இல் இறந்தார். பட்டறை இன்னும் நடக்கிறது. வெளியே ஓக் பலகைகள் அடுக்கடுக்காகக் காய்கின்றன.

சர்ச் எலி மாதிரி ஏழை என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். வேலை நடுவே அந்தப் பேச்சு வந்தபோது விளையாட்டாக ஓர் எலியைச் செதுக்கினாராம். அப்புறம் அதுவே முத்திரை ஆகிவிட்டது. ஆரம்பகால எலிகளுக்கு முன்னங்கால் உண்டு. உடைந்துகொண்டே இருந்ததால் பிறகு விட்டுவிட்டார். பழஞ்சாமான் வாங்குகிறவர்கள் முதலில் அந்தக் காலைத்தான் தேடுகிறார்கள்.

எல்லாரும் எலியைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எலியை விடுங்கள், மேசையைத் தடவிப் பாருங்கள்! இழைப்புளியோடு நிறுத்தாமல் வாச்சியால் (மரம் கொத்திச் செதுக்கும் கருவி) கொத்திவிட்ட பரப்பு. நேரே பார்த்தால் சமதளம் போலத்தான் இருக்கிறது. சன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது, காற்று அடித்த குளம் மாதிரி அலையலையாக எழும்புகிறது. உள்ளங்கை ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறியது. அதே இயக்கத்தில் வந்த, தெற்கே காட்ஸ்வோல்ட்ஸ் பக்கத்து எர்னஸ்ட் கிம்சன், பார்ன்ஸ்லி சகோதரர்கள் செய்த மரச் சாமான்கள் இதைவிட நேர்த்தி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவற்றை மியூசியத்தில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் மரம் எங்கே தெரியும்?

விலைச் சீட்டு கண்ணில் பட்டதும் கையை எடுத்துக்கொண்டேன். வாங்கியது ஒரு போஸ்ட்கார்டு.

போகிறவர்களுக்காகப் பஸ் நேரமெல்லாம் எழுதலாம் என்று நினைத்திருந்தேன். சாரி, நான் ஒரு பஸ்ஸையும் பார்க்கவில்லை. திரும்பும்போது டாக்சியைக் கூப்பிட மனசு வரவில்லை; தூறலில் இரண்டரை மணி நேரம் நடந்தேன். முப்பது பவுண்டு மிச்சம். ஷூ போய்விட்டது.