தாளிப்புக் கரண்டியில் பிறந்த லென்ஸ்

ஐஸ் கட்டியில் லென்ஸ் செய்து படம் எடுக்கப்போகிறேன் என்றதும், அதெல்லாம் குளிர் தேசத்துக்காரன் சோலி என்றுதான் பாளையங்கோட்டையில் எல்லோரும் சொன்னார்கள். பங்குனி வெயிலில் ஃப்ரிட்ஜ் தண்ணீரே கண்ணெதிரே சூடாகிற ஊரில் ஐஸ் லென்ஸ் எத்தனை நொடி நிற்கும்? நியாயமான கேள்விதான். கார்த்திகையில் தொடங்கிச் சித்திரை வரை விட்டு விட்டுச் செய்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது வேறு. வெயில் இந்த வேலைக்குப் பாதி ஒத்தாசை செய்கிறது. கெடுக்கிறது ஈரக்காற்றுதான்.

முதலில் கணக்கு. பனிக்கட்டியின் ஒளிவிலகல் எண் 1.31, சாதாரணக் கண்ணாடிக்கு 1.52. ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் குவிந்தும் இருக்கிற லென்ஸில், வளைவு ஆரத்தை 0.31ஆல் வகுத்தால் குவியத் தொலைவு வந்துவிடும். 5 செ.மீ. ஆரம் என்றால் 16 செ.மீ. அதே வளைவில் கண்ணாடி 10 செ.மீ.க்குள் குவித்துவிடும். ஐஸ் சோம்பேறி, ஒளியை மெதுவாகத்தான் வளைக்கும். அதனால் வீட்டுச் சாமான்களை வைத்து எளிதில் செய்ய முடிகிற ஐஸ் லென்ஸ் பெரும்பாலும் தூரத்தைக் கிட்டே இழுக்கிற டெலி லென்ஸாகத்தான் அமையும். எனக்கு அது வசதி. எங்கள் ஊர்த் தேவாலயமான ஊசிக்கோபுரத்தின் உச்சியைப் பிடிக்க 160 மி.மீ. நல்ல அளவு.

யோசனை ஒன்றும் புதிதில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திமிங்கில வேட்டைக்கு ஆர்க்டிக் போன இங்கிலாந்துக் கப்பல் கேப்டன் வில்லியம் ஸ்கோர்ஸ்பி, தெளிந்த பனிக்கட்டியைச் செதுக்கி லென்ஸ் செய்து வெயிலைக் குவித்து மாலுமிகளின் புகைக் குழாயைப் பற்றவைத்திருக்கிறார். செதுக்கியது கோடாலியாலும் கத்தியாலும். கடைசி மெருகு மட்டும் உள்ளங்கைச் சூட்டில். நம் காலத்தில் பிரான்சைச் சேர்ந்த மத்தியூ ஸ்டெர்ன் ஐஸ்லாந்துக்கே போய், கரையொதுங்கிய பனிப்பாறைத் துண்டில் லென்ஸ் செய்து படம் எடுத்தார். ஸ்கோர்ஸ்பியின் உள்ளங்கை என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. அவருக்கு மெருகேற்றக் கைச்சூடு வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சூடு காற்றிலேயே இருக்கிறதே.

ஐஸுக்கு வருவோம். ஃப்ரீசர் தட்டில் உறைகிற கட்டி நடுவில் வெள்ளையாக இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றுதான் காரணம். உறைகிற பகுதி காற்றைத் தன்னிடமிருந்து வெளியே தள்ளும். நாலு பக்கமும் ஒரே நேரத்தில் உறைந்தால் அந்தக் காற்று போக வழியில்லாமல் நடுவில் குமிழாக மாட்டிக்கொள்ளும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் தெளிந்துவிடும் என்பார்கள். ஒரு முறை, இரு முறை கொதிக்க வைத்தும் பார்த்தாயிற்று. பெரிய வித்தியாசம் இல்லை. எந்தத் திசையில் உறைகிறது என்பதுதான் முக்கியம். மருந்து வருகிற சின்ன தெர்மாகோல் பெட்டியை மூடி இல்லாமல் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் வைத்தால், குளிர் மேலிருந்து மட்டுமே இறங்கும். காற்று கீழே கீழே போகும். அடிப்பகுதி உறைவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். கவிழ்த்தால் அடியிலிருக்கும் தண்ணீர் வழிந்துபோய், கைக்கு ஒரு பலகைக் கண்ணாடி மிஞ்சும். பின்னால் செய்தித்தாளை வைத்தால் பொடி எழுத்தைக்கூட வாசிக்கலாம்.

தாமிரபரணித் தண்ணீரா, போர் தண்ணீரா என்று கேட்பவர்களுக்கு: ஆற்றுத் தண்ணீர் கொஞ்சம் மேல். ஆனால் மேலிருந்து உறைய வைத்தால் உப்பும் காற்றோடு சேர்ந்து கீழே போய்விடுவதால் போர் தண்ணீரிலும் பாதகமில்லை.

கரண்ட் அடிக்கடி போன வாரம் ஒன்றில் ஐஸ் கம்பெனிக்குப் போனேன். மீன் வண்டிகளுக்குப் பார் ஐஸ் போடுகிற இடம். உப்புக்கரைசல் தொட்டிக்குள் தகரப் பெட்டிகளை இறக்கி, தண்ணீருக்குள் காற்றை ஊதிக்கொண்டே உறைய வைக்கிறார்கள். ஊதுகிற காற்று தண்ணீரை அசைத்துக்கொண்டே இருப்பதால் குமிழ் ஒட்டாமல் ஓரமெல்லாம் பளிங்காக வரும், நடுத்தண்டு மட்டும் வெள்ளை.

“மீனுக்கா, சர்பத்துக்கா தம்பி?” என்றார் அங்கிருந்தவர்.

“கேமராவுக்கு அண்ணாச்சி.”

ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். “சூடு ஆயிருதோ?” என்று கேட்டுவிட்டு, ஓரத் துண்டாகப் பார்த்து உடைத்துத் தந்தார். காசு வாங்கவில்லை. அந்தத் துண்டை ஆக்ஸா பிளேடால் அறுத்தால் மூன்று நல்ல லென்ஸுக்கு ஐஸ் தேறும்.

அடுத்தது அச்சு. அலுமினியத்தில் கடைந்த ஐஸ் உருண்டை அச்சு விற்கிறார்கள், விலை என் பொழுதுபோக்குக்குத் தாங்காது. குழிப்பணியாரச் சட்டியில் ஆரம்பித்தேன். குழியின் அகலம் 4.5 செ.மீ., ஆழம் 2 செ.மீ. அரை அகலத்தின் வர்க்கத்தோடு ஆழத்தின் வர்க்கத்தைக் கூட்டி, ஆழத்தின் இருமடங்கால் வகுத்தால் வளைவு ஆரம்: 2.3 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. குவியத் தொலைவு 73 மி.மீ. வரும். அழகான அளவுதான், ஆனால் மொத்த ஐஸே 18 கிராம். தூக்கி மாட்டுவதற்குள் உருவம் மாறிவிடுகிறது. போதாததற்கு அம்மா, “பணியாரச் சட்டிய எங்கடே தூக்கிட்டுப் போற?” என்று தினமும் கேட்டதில் சட்டி சமையலறைக்கே திரும்பிவிட்டது.

பிறகு தாளிப்புக் கரண்டி. வீட்டுக் கரண்டி பார்க்க உருண்டையாக இருந்தாலும் உண்மையில் அடி தட்டை. காம்பஸில் 5 செ.மீ. ஆரம் வைத்து சார்ட் அட்டையில் வட்டம் போட்டு, வெட்டிய விளிம்பைக் கரண்டிக்குள் நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் எங்கே இடைவெளி என்று வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். அந்த அட்டையோடு டவுன் ரத வீதிப் பாத்திரக்கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் பொறுக்கமாட்டாமல், “என்ன அண்ணாச்சி, கரண்டிக்கு ஜாதகம் பாக்கியளோ?” என்றார். பொருத்தம் கூடிய கரண்டி கடைசியில் கிடைத்தது: கனத்த எவர்சில்வர், அகலம் 8, ஆழம் 2, ஆரம் சரியாக 5.

தண்ணீரை அதில் ஊற்றி உறைய வைக்கக் கூடாது, மறுபடி வெள்ளையாகிவிடும். தெளிந்த துண்டை எடுத்து, வெந்நீரில் முக்கிய கரண்டிக்குள் வைத்து அழுத்திச் சுழற்ற வேண்டும். ஐஸ் உருகிக் கரண்டியின் வடிவத்துக்கு இறங்கும். உருகிய நீரை அவ்வப்போது சாய்த்துக் கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் துண்டு மிதந்து கோணலாகிவிடும். ஒன்று முக்கியம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு சூடான உலோகத்தில் வைத்தால் ‘டக்’கென்று உள்ளுக்குள் விரிசல் விடும். வெளியில் வைத்து, மேல் பூத்த வெண்பனி போய் ஈரம் மினுமினுக்கிற வரை பொறுக்க வேண்டும். தட்டைப் பக்கத்துக்கு ஒரு கிரானைட் துண்டு போதும். அதை யாரும் சுடவைக்க வேண்டியதில்லை, நம் வீட்டுக் கிரானைட் எப்போதும் தயாராகவே இருக்கிறது.

கேமரா ஒரு பழைய மிரர்லெஸ். உள்ளே கண்ணாடி இல்லாத இந்தக் கேமராவில் லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து சென்சார் 18 மி.மீ. தூரத்திலேயே இருப்பதால் குழாய்க்கு நிறைய இடம் கிடைக்கிறது. பாடி மூடியில் ஓட்டை போட்டு 63 மி.மீ. பிவிசி குழாயை ஒட்டி, அதன் மேல் 75 மி.மீ. குழாய் முன்னும் பின்னும் வழுக்கி வருகிற மாதிரி செய்தேன். இடையில் இருக்கும் தளர்வுக்குக் கறுப்பு வெல்வெட் துணி. தூரத்துப் பொருளுக்கு லென்ஸ் சென்சாரிலிருந்து 16 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும், 2 மீட்டரில் நிற்கிற ஆளுக்கு இன்னும் 14 மி.மீ. வெளியே இழுக்க வேண்டும். லென்ஸ் உட்காருவது தெர்மாகோல் வளையத்தில். பிவிசியிலேயே நேராக வைத்தால் விளிம்பு சீக்கிரம் கரைந்து சரிந்துவிடும். வளையத்துக்குப் பின்னால் ஒரு யூவி ஃபில்டர், சென்சாருக்குச் சொட்டு விழாமல். குழாயின் அடியில் நீர் வடிய ஒரு துளை. 2 செ.மீ. ஓட்டை போட்ட கறுப்பு அட்டை முன்னால் வைத்தால் எஃப் 8, அதாவது குவியத் தொலைவில் எட்டில் ஒரு பங்கு திறப்பு; 4 செ.மீ. ஓட்டை என்றால் எஃப் 4.

இனி படம். மாட்டியவுடன் கேமரா திரையில் தெரிவது வெறும் பால். ஃப்ரீசர் குளிர் இன்னும் உள்ளே இருப்பதால் காற்றின் ஈரம் லென்ஸ் மேல் பொடிப்பனியாகப் படிகிறது. கொஞ்ச நேரத்தில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி அந்தப் பனி மறைந்துகொண்டே வரும். பொடி உருகி மெல்லிய நீர்ப்படலமாகி, கரண்டி விட்டுச்சென்ற சின்னச் சின்ன வரிகளையெல்லாம் நிரப்பிவிடும். அப்போது ஊசிக்கோபுரம் திரையில் திரண்டு வரும் பாருங்கள், அதுவரை பட்ட பாடெல்லாம் மறந்துபோகும். இந்த மெருகை வேலை மெனக்கெட்டு எந்தத் துணியாலும் கொண்டுவர முடியாது. நம் வெயில் இனாமாகத் தருகிறது.

அப்புறம் அதே படலம் தடித்துக் கீழ்நோக்கி இறங்க ஆரம்பிக்கும். லென்ஸின் கீழ்ப்பாதி கனத்து, விளக்குகளெல்லாம் கீழ்ப்பக்கம் வால் விடும். மேகமில்லாத பங்குனி மதியத்தில் பால் போய் வால் வருவதற்குள் சுமார் இரண்டு நிமிடம் கிடைக்கிறது. கார்த்திகையில் மழை விட்ட மறுநாள், வெயிலே இல்லாதபோதும், ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. இது ஏன் என்றுதான் முதலில் குழம்பினேன். காரணம் நேரானது. ஒரு கிராம் நீராவி குளிர்ந்து படியும்போது ஏறக்குறைய 2500 ஜூல் வெப்பத்தைக் கொட்டுகிறது. ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் போதும். படிகிற ஒவ்வொரு கிராம் ஈரமும் ஏழு கிராமுக்கு மேல் ஐஸைக் கரைத்துவிடும். என் லென்ஸ் மொத்தமே 50 கிராம். வெயில் வெளிச்சமோ தெளிந்த ஐஸில் பெருமளவு தங்காமல் ஊடுருவிப் போய்விடுகிறது. அதனால்தான் காய்ந்து கிடக்கிற மதியம் தேவலை. ஆனி ஆடியில் சாரல் காற்று அடிக்கிறபோது தென்காசிப் பக்கம் இதை எடுத்துக்கொண்டு போவது வீண் அலைச்சல் என்பது என் கருத்து. காற்று வீசவும் செய்யும், ஈரமாகவும் இருக்கும்.

வால் பிரச்சினைக்கு வழி தற்செயலாகக் கிடைத்தது. கோபுரத்தின் அடியில் நின்று கேமராவை நன்றாக அண்ணாந்து பிடித்தபோது படம் வழக்கத்தைவிட அதிக நேரம் தெளிவாக நின்றது. குவிந்த பக்கம் மேலே பார்த்திருந்தால் நீர் ஒரு பக்கமாக இறங்காமல் சுற்றிலும் சமமாக வழிகிறது, வடிவம் குலைவதில்லை. அன்றிலிருந்து நான் எடுப்பதில் முக்கால்வாசி அண்ணாந்த படங்கள்தான்: கோபுரம், பனை உச்சி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகள்.

படங்கள் எப்படி? எஃப் 8இல் நடுப்பகுதி நம்ப முடியாத அளவு கூர்மை. காற்றாலை இறக்கையின் விளிம்பு சுத்தமாகத் தெரிகிறது. ஓரம் போகப்போகக் குழைந்துவிடும். வெளிச்சமான எல்லாவற்றையும் சுற்றி ஒரு மெல்லிய ஒளி படர்ந்திருக்கும், அதை எந்த மென்பொருளிலும் இப்படிக் கொண்டுவர நான் பார்த்ததில்லை. எஃப் 4இல் அந்த ஒளி அளவு மீறிப்போகிறது. கல்யாண ஆல்பம்போல இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. குறுக்குத்துறையில் முருகன் கோயிலை ஆற்றுக்கு இக்கரையிலிருந்து எடுத்ததில் தண்ணீரின் மினுமினுப்பு ஒவ்வொன்றும் தனிப்பொட்டாக விழுந்திருந்தது. அதுதான் இதுவரை எடுத்ததில் சிறந்தது, அதிலும் கீழே லேசாக வால் உண்டு. சுலோசன முதலியார் பாலத்தையும் எடுத்துப் பார்த்தேன். அந்தப் பாலத்துக்கு 160 மி.மீ. ரொம்ப நெருக்கம், இரண்டு வளைவுக்கு மேல் சட்டத்தில் அடங்கவில்லை.

எடுப்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. ஃபோகஸை ஐஸ் மாட்டிய பிறகு தேடாதீர்கள், நேரம் போய்விடும். ஒரே கரண்டியில் செய்கிற லென்ஸ்கள் கிட்டத்தட்ட ஒரே குவியத் தொலைவில் வருவதால், குழாயில் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொண்டால் அதிலிருந்து ஒன்றிரண்டு மி.மீ. அசைத்தால் போதும். லென்ஸ்களைத் தனித்தனியாக பாலித்தீன் பையில் போட்டு, ஐஸ் துண்டும் உப்பும் நிரப்பிய வாட்டர் கேனில் கொண்டுபோகலாம். வெறும் ஐஸ் மட்டும் இருந்தால் போய்ச் சேரும்போதே ஈரமாகிவிடும். உப்பு சேர்த்தால் பூஜ்யத்துக்குக் கீழே நிற்கும்.

அடுத்து இரண்டு தட்டைப் பக்கங்களை ஒட்டி இருபக்கமும் குவிந்த லென்ஸ் செய்யப்போகிறேன். நனைந்த ஐஸும் ஐஸும் சேர்த்து அழுத்தினால் தானே ஒட்டிக்கொள்கிறது. குவியத் தொலைவு பாதியாகி 80 மி.மீ. வரும், பாலத்தில் நாலு வளைவு வரை அடங்க வாய்ப்பிருக்கிறது. எடையும் 100 கிராம் ஆவதால் இன்னும் சற்று நேரம் தாங்கும். இணைப்பில் குமிழ் மாட்டாமல் ஒட்டுவது மட்டும் இன்னும் கைவரவில்லை. இரண்டையும் தண்ணீருக்குள்ளேயே முக்கிவைத்துச் சேர்த்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.